பின் ஆக்சில் மாற்றம்: இரண்டு நாள் வேலை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய ஸ்போர்ட்ஸ் கார்களுக்குப் பெரிய என்ஜின் பொருத்துவது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பின் வாகனப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தோம். என்ஜின், கியர்பாக்ஸ், ரேடியேட்டர் பற்றிய பகுதிகளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பின் சக்கரங்களைச் சுழற்றும் பின் ஆக்சிலுக்கு வந்ததும் கட்டுரையாளர் அவசரப்பட்டுவிட்டார். வலுவான ஆக்சில் ஒன்றை வாங்கி, அகலத்தை வெட்டிக் குறைத்து, போல்ட் முடுக்கினால் இரண்டு நாளில் முடிந்துவிடும் என்கிறார். வெட்டவும் ஒட்டவும் இரண்டு நாள் போதும்தான். எங்கே வெட்டுவது, எந்தச் சாய்வில் ஒட்டுவது என்று முடிவு செய்வதில்தான் காலம் போகும். அந்த வேலையைச் செய்யாமல் வெல்டிங் கம்பியை எடுப்பவர்களால்தான் இந்த மாற்றத்துக்குக் கெட்ட பெயர்.

முதலில் ஆக்சில் ஏன் உடைகிறது என்பதைப் பார்க்க வேண்டும். எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் 1.8 லிட்டர் என்ஜின் சுமார் 150 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்று விசை) தருகிறது. முதல் கியர் 3.44, ஆக்சில் விகிதம் (சக்கரம் ஒரு சுற்று சுற்ற, ஆக்சிலுக்கு வரும் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது) 3.909, பெருக்கினால் இரண்டு சக்கரங்களுக்கும் சேர்த்து ஏறத்தாழ 2,000 நியூட்டன் மீட்டர் போகிறது. 300 நியூட்டன் மீட்டர் தரும் வி8 என்ஜினையும் 3.35 முதல் கியரையும் வைத்தால் அது 3,900-ஐத் தொடும். எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம். பின் சக்கரங்களின் மேல் 600 கிலோ எடை, டயர் ஆரம் 0.295 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், சாதாரணச் சாலை டயர் 1,700 நியூட்டன் மீட்டருக்கு மேல் தரையைப் பிடிக்காது, அதற்கப்பால் வழுக்கிவிடும். அதாவது என்ஜின் எவ்வளவு தள்ளினாலும், சீரான ஓட்டத்தில் சக்கரத்தைச் சுழற்றும் தண்டான ஆக்சில் ஷாஃப்டுக்குப் போகும் சுமைக்கு எல்லை வகுப்பது டயர்தான். பழைய ஒல்லி டயரோடு பெரிய என்ஜின் வைத்தவரின் ஆக்சில் பல வருடம் தாங்குவதும், அகலமான ஒட்டும் டயர் போட்டவரின் ஆக்சில் முதல் வாரமே போய்விடுவதும் இதனால்தான்.

இன்னொரு எதிரி சக்கரத் துள்ளல். கிளட்சைச் சட்டென்று விட்டதும், ஆக்சிலைத் தாங்கும் பட்டை வில்லான லீஃப் ஸ்பிரிங் ‘எஸ்’ போல வளைகிறது. டயர் பிடி விடுகிறது. ஸ்பிரிங் நிமிர்ந்து டயரைத் தரையில் அறைகிறது. நொடிக்குப் பல முறை நடக்கும் இந்த அடிதான் ஆக்சிலின் நடுவே இருக்கும் பெரிய பல்சக்கரமான கிரவுனின் பல்லையும் ஷாஃப்டையும் முறிக்கிறது. இந்தத் துள்ளலை நிறுத்தாமல் வலுவான ஆக்சில் மட்டும் போட்டால் உடையும் இடம்தான் மாறும்: அடுத்து பிரொப்பெல்லர் ஷாஃப்டின் (கியர்பாக்ஸிலிருந்து ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீளத் தண்டு) மடங்கும் மூட்டான யு-ஜாயின்ட், அதற்கடுத்து கியர்பாக்ஸின் வால். 1964-இல் ரூட்ஸ் நிறுவனம் சன்பீம் ஆல்பைன் காரில் 4.2 லிட்டர் ஃபோர்டு வி8 என்ஜினை வைத்து டைகர் என்று விற்றபோது, 2.88 விகிதமுள்ள சாலிஸ்பரி ஆக்சிலோடு நிறுத்திக்கொள்ளவில்லை. ஆக்சில் பக்கவாட்டில் நகராதிருக்க பான்ஹார்ட் கம்பி ஒன்றையும் சேர்த்தது. தொழிற்சாலைக்கே அது தேவைப்பட்டது.

எந்த ஆக்சில் என்ற கேள்விக்கு முதல் பதில் எப்போதும் அதே குடும்பத்தில் தேடுங்கள் என்பதே. நான்கு கியர் டிரையம்ஃப் டிஆர்7-க்கு 3.63 விகிதத்தில் சன்னமான ஆக்சில். ஐந்து கியர் காருக்கு 3.9 விகிதத்தில் கனமான ஆக்சில், பெரிய பிரேக் டிரம். நான்கு கம்பித் தொங்கல் (ஆக்சிலை நான்கு கம்பிகள் பிடிக்கும் சஸ்பென்ஷன்) இரண்டிலும் ஒரே அமைப்பு என்பதால் புதிதாக எதையும் வெல்டிங் செய்ய வேண்டியதில்லை. பிரொப்பெல்லர் ஷாஃப்டையும் ஹேண்ட் பிரேக்கையும் மட்டும் சரிபார்க்க வேண்டும். 1.6 லிட்டர் மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் சிறிய டிஃபரன்ஷியலுக்கு (விசையை இரு சக்கரங்களுக்கும் பிரிக்கும் நடுப் பல்சக்கரத் தொகுதி) பதில் 1.8 காரின் பெரிய டிஃபரன்ஷியல் ஏறும். ஆனால் அதை மட்டும் வாங்கி வந்தால் வேலை பாதியில் நிற்கும்; இரு பக்க ஷாஃப்டுகளும் பிரொப்பெல்லர் ஷாஃப்டும் 1.8 காரிலிருந்தே வர வேண்டும். டாட்சன் 240இசட்டில் இருப்பது ஆர்180. எண் என்பது கிரவுன் வீலின் விட்டம், மில்லிமீட்டரில். 280இசட்டின் ஆர்200 அதற்குள் போகும், பின்புறத் தாங்கு பட்டையையும் சேர்த்து எடுத்தால். இப்படி ஒரு வழி இருக்கும்போது வேறு காரின் ஆக்சிலை வெட்டி ஒட்டுவது வீண் துணிச்சல்.

குடும்பத்தில் வழி இல்லாத கார்களுக்குத்தான் ஃபோர்டு 8.8 அங்குல ஆக்சில் போன்றவை. 1995 முதல் 2001 வரையிலான எக்ஸ்ப்ளோரரில் வந்ததைப் பலரும் தேடுவதற்குக் காரணம் உண்டு: 223.5 மி.மீ. கிரவுன், 31 ஸ்பிளைன் (முனையில் வெட்டிய பல்வரி) ஷாஃப்ட், டிஸ்க் பிரேக், அந்த டிஸ்கின் குடத்துக்குள்ளேயே ஹேண்ட் பிரேக் ஷூ. பழைய மஸ்டாங்குகளில் வந்த 8.8 பெரும்பாலும் 28 ஸ்பிளைன். முறுக்குத் தாங்கும் வலு விட்டத்தின் மும்மடியைப் பொறுத்து ஏறுவதால், 28-க்கும் 31-க்கும் உள்ள வேறுபாடு மூன்றில் ஒரு பங்குக்கு மேல். மூடியில் தொங்கும் சின்னத் தகட்டில் ‘3எல்73’ என்றிருந்தால் விகிதம் 3.73, உள்ளே ஒரு சக்கரம் மட்டும் தனியாக வழுக்கிச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் இருக்கிறது. ‘எல்’ இல்லாவிட்டால் சாதாரண டிஃபரன்ஷியல். தகடு தொலைந்திருந்தால் மூடியைக் கழற்றிப் பற்களை எண்ணுங்கள். கிரவுனில் 41, அதைச் சுழற்றும் சிறிய பல்சக்கரமான பினியனில் 11 என்றால் 3.73; 39-க்கு 11 என்றால் 3.55, 36-க்கு 11 என்றால் 3.27.

இந்த ஆக்சிலில் பினியன் நடுவில் இல்லை. ஒரு பக்கமாக ஏறத்தாழ 2 அங்குலம் தள்ளியிருக்கிறது. நீளக் குழாயை ஏறத்தாழ 3 அங்குலம் குறைத்து, இரு பக்கமும் குட்டை ஷாஃப்டையே போடும் தந்திரம் பிரபலம். அகலம் சுமார் 59.5 அங்குலத்திலிருந்து 56.5 அங்குலமாகும், பினியனும் நடுவுக்கு வரும், புது ஷாஃப்ட் செய்யவும் வேண்டாம். ஆனால் எல்லாக் காருக்கும் இது போதாது. கட்டுரையில் அகலத்தை ‘டயருக்கு டயர்’ அளக்கச் சொல்லியிருப்பது தவறு. அளக்க வேண்டியது சக்கரம் உட்காரும் ஃபிளேஞ்ச் முகத்திலிருந்து எதிர் முகம் வரை. கணக்கு எளியது: இரு டயர்களின் நடுக்கோடுகளுக்கு இடையே வேண்டிய தூரம், அதோடு சக்கரத்தின் ஆஃப்செட் (அதன் நடுக்கோட்டுக்கும் ஃபிளேஞ்சில் உட்காரும் முகத்துக்கும் உள்ள தூரம்) இரண்டு மடங்கு. எம்ஜிபியின் பின் தடம் சுமார் 1,250 மி.மீ.; சக்கர ஆஃப்செட் 25 மி.மீ. என்றால் ஃபிளேஞ்ச் அகலம் 1,300 வர வேண்டும். 56.5 அங்குலம் என்பது 1,435 மி.மீ. ஆகவே அந்தத் தந்திரத்துக்குப் பிறகும் 135 மி.மீ. மிச்சம், பக்கத்துக்கு 67 மி.மீ. வெட்டினாலொழிய டயர் ஃபெண்டருக்கு வெளியே நிற்கும். கம்பிச் சக்கர எம்ஜிபியின் ஆக்சில் சாதாரணச் சக்கரக் காருடையதைவிடக் குறுகலானது என்பதால், பழைய ஆக்சிலை அப்படியே அளவுகோலாக வைப்பதற்கு முன் அது எந்த வகை என்று பார்த்துக்கொள்ளுங்கள். எம்ஜிபியில் நான்கு போல்ட், எக்ஸ்ப்ளோரரில் ஐந்து. இரண்டுக்கும் போல்ட் வட்டம் 114.3 மி.மீ.தான், ஆனாலும் முன் ஹப்பை மாற்றாமல் நான்கு சக்கரமும் ஒரே மாதிரி போட முடியாது.

அவ்வளவு வெட்டினால் ஷாஃப்டும் புதிதாக வேண்டும். இருக்கும் ஷாஃப்டை அறுத்து ஸ்பிளைன் மறுபடி வெட்டலாமே என்பார்கள். தொழிற்சாலை ஷாஃப்டுகள் பல, ஸ்பிளைனை ஒட்டிய இடத்தில் மெலிந்திருக்கும். அங்கே புதிய ஸ்பிளைனுக்கு விட்டம் போதாது. மேல்தோல் மட்டும் கடினமாக்கப்பட்ட இரும்பில் அந்தத் தோலைச் சீவிவிட்டால் உள்ளே இருப்பது மெத்தென்ற இரும்பு. அளவு கொடுத்து அலாய் ஷாஃப்ட் செய்து வாங்குவதே சரி. இரண்டு துண்டு ஷாஃப்டை வெல்டிங் வைத்து ஒட்டுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். பேரிங் உருளும் இடத்தையும் விரலால் தடவிப் பாருங்கள்: இந்த ஆக்சிலில் பேரிங்கின் உள்வளையமே ஷாஃப்ட்தான். குழி விழுந்திருந்தால் எத்தனை புது பேரிங் போட்டாலும் சத்தம் போகாது.

ஷாஃப்டைக் கழற்ற, டிஃபரன்ஷியலின் குறுக்கு ஊசியைப் பிடித்திருக்கும் சிறிய போல்டை எடுத்து, ஊசியை உருவி, ஷாஃப்டை உள்ளே தள்ளி ‘சி’ கிளிப்பை எடுக்க வேண்டும். அந்தப் போல்டில் தயாரிப்பிலேயே பூட்டும் பசை தடவியிருப்பார்கள். சூடு காட்டாமல் பலவந்தம் செய்தால் தலை உடைந்து, அரை மணி வேலை ஒரு நாள் வேலையாகிவிடும். சி கிளிப் ஆக்சிலில் ஷாஃப்ட் முறிந்தால் சக்கரமும் வெளியே வர வழி உண்டு. டிஸ்க் காலிப்பர் ஓரளவு பிடித்துவைக்கும், அதை நம்பிப் பந்தயத்துக்குப் போகக் கூடாது. பந்தயக் காருக்கு முனையில் பேரிங்கைப் பிடித்துவைக்கும் வகை ஹவுசிங் (ஆக்சிலின் வெளிக்கூடு) முனைகளைப் போட வேண்டும்.

ஹவுசிங்கை வெட்டி ஒட்டுவதற்கு நேர்கோட்டுக் கம்பி இல்லாத பட்டறையை அணுகாதீர்கள். டிஃபரன்ஷியல் பேரிங் இருக்கைகளில் இரண்டு வட்டு, குழாய் முனைகளில் இரண்டு வட்டு, நான்கின் நடுவே துல்லியமாகக் கடைந்த கம்பி ஒன்று. நான்கு இடத்தில் பொட்டு வைத்து (புள்ளியாக மட்டும் ஒட்டி), எதிரெதிராக 25-30 மி.மீ. மட்டும் ஒட்டி, ஆறவிட்டு, கம்பி கையால் சுழல்கிறதா என்று பார்த்து மறுபடி ஒட்ட வேண்டும். ஒரே மூச்சில் சுற்றி ஒட்டினால் குழாய் அந்தப் பக்கம் இழுத்து வளையும். அரை மில்லிமீட்டர் வளைவுகூடப் பின்னால் சீல் கசிவாகவும் டயரின் உள்விளிம்புத் தேய்மானமாகவும் வந்து நிற்கும். நடுவில் இருப்பது வார்ப்பிரும்பு; குழாய்கள் அதில் அழுத்திச் செருகப்பட்டு, சில துளைகளில் மட்டும் ஒட்டப்பட்டவை. கடும் இழுப்பில் குழாய் சுழன்றுவிடும் என்பதால் அந்தச் சேர்க்கையையும் சுற்றி ஒட்டுவது வழக்கம். முன்னதாகச் சூடுபடுத்தி, நிக்கல் கம்பி பயன்படுத்தி, மெதுவாக ஆறவிட்டால்தான் வார்ப்பு விரிசல் விடாது. ஸ்பிரிங் பேடும் (ஸ்பிரிங் உட்காரும் தகடு) மற்ற பிடிமானங்களும் ஒட்டிய பிறகு நேர்கோட்டுக் கம்பியை மீண்டும் விட்டுப் பாருங்கள். பலர் இதைச் செய்வதில்லை; பேடின் வெல்டிங்கே குழாயை வளைத்துவிடும்.

பேட் ஒட்டுவதற்கு முன் பினியன் சாய்வு. முழு வேலையிலும் அதிகம் பிழை நடக்கும் இடம் இதுதான், கட்டுரையில் ஒரு சொல்கூட இல்லாத இடமும் இதுதான். கார் தன் எடையில், சமதளத்தில், டாங்கில் பாதி எரிபொருளோடு நிற்க வேண்டும். ஜாக்கில் தொங்கவிட்டு எடுத்த அளவுக்கு மதிப்பில்லை. கியர்பாக்ஸ் வெளியீட்டு ஃபிளேஞ்சில் கோணமானி வைத்துச் சாய்வை எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு யு-ஜாயின்ட் உள்ள ஷாஃப்டில் கியர்பாக்ஸ் அச்சும் பினியன் அச்சும் இணையாக இருந்தால், ஒரு ஜாயின்ட் உண்டாக்கும் வேக ஏற்ற இறக்கத்தை மற்றது சமன் செய்யும். கியர்பாக்ஸ் வால் 3 டிகிரி கீழே சாய்ந்தால், பினியன் மூக்கு (ஷாஃப்ட் வந்து சேரும் முன்முனை) 3 டிகிரி மேலே. இது ஓடும் நிலையில் வர வேண்டிய அளவு. லீஃப் ஸ்பிரிங் காரில் இழுப்பின்போது மூக்கு தானே மேலே எழும் என்பதால், நிற்கும்போது அந்த அளவிலிருந்து 2 முதல் 3 டிகிரி தாழ்த்தி வைக்க வேண்டும். நல்ல புஷ் உள்ள நான்கு கம்பித் தொங்கலில் 1 அல்லது 2 டிகிரி போதும். மேற்சொன்ன காரில் லீஃப் ஸ்பிரிங் என்றால் மூக்கு ஏறக்குறைய 1 டிகிரி மட்டுமே மேலே இருக்கும். ஓட்டத்தில் ஒவ்வொரு ஜாயின்ட்டும் 1 முதல் 3 டிகிரிக்குள் மடங்கட்டும். சுத்தமாகப் பூஜ்யம் வைத்தால் நல்லதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. மடிப்பே இல்லாத ஜாயின்டில் ஊசி பேரிங்குகள் உருளாமல் ஒரே இடத்தில் அழுந்திப் பள்ளம் பறிக்கும். ஸ்போர்ட்ஸ் காரின் ஷாஃப்ட் குட்டை. ஸ்பிரிங் சற்று அமுங்கினாலும் கோணம் வேகமாக மாறுகிறது. எனவே பேடை முதலில் பொட்டு மட்டும் வையுங்கள், ஷாஃப்டைப் போட்டு மறுபடி அளந்த பிறகே முழுக்க ஒட்டுங்கள். பின்னால் ஒன்றிரண்டு டிகிரி திருத்த வேண்டி வந்தால் ஆப்பு வடிவத் தகடு உதவும். இரும்பில் வாங்குங்கள், அலுமினியம் நசுங்கி உடையும்.

ஆக்சில் காரில் நேராக நிற்கிறதா என்பதற்கு நவீனக் கருவி வேண்டாம். உடலின் இரு பக்கமும் ஒரே போல்ட் துளையிலிருந்து தூக்குக்குண்டு விட்டுத் தரையில் புள்ளி வையுங்கள். ஆக்சில் முனைகளிலிருந்தும் அப்படியே. மூலைக்கு மூலை அளந்தால் இரண்டும் 3 மி.மீ.க்குள் ஒத்துவர வேண்டும். யு-போல்டுகள் எப்போதும் புதிது. பழையது இழுபட்டு நீண்டிருக்கும். கார் தன் சக்கரத்தில் நிற்கும்போதுதான் கடைசி முடுக்கு, 200 கி.மீ. ஓடியதும் இன்னொரு முடுக்கு. ஆக்சிலை மேலும் கீழுமாக முழுத் தூரம் நகர்த்தி, சைலன்சர் குழாய், டாங்க், ஷாஃப்ட் ஓடும் தரைச் சுரங்கம் எதிலும் மூக்கு இடிக்காததையும் பாருங்கள். பெரிய கிரவுன் என்றால் பெரிய தொப்பை.

பிரொப்பெல்லர் ஷாஃப்டை எல்லாம் நிலைத்த பிறகே அளந்து செய்ய வேண்டும். கியர்பாக்ஸுக்குள் நகரும் சறுக்கு முனை முழுக்க உள்ளே போனதிலிருந்து 20-25 மி.மீ. வெளியே நிற்கும் நிலை சரி. குறைந்தால் ஸ்பிரிங் அமுங்கும்போது கியர்பாக்ஸின் பின் பேரிங்கைக் குத்தும். கூடினால் ஸ்பிளைன் பிடிப்பு குறையும். இரு முனை நுகங்களும் (யு-ஜாயின்டைப் பிடிக்கும் கவைகள்) ஒரே தளத்தில் இருக்க வேண்டும்; ஷாஃப்டை வெட்டி ஒட்டியவர் இதைத் தவறவிட்டால், பேலன்ஸ் எத்தனை முறை செய்தாலும் அதிர்வு போகாது.

பிரேக்கில் உயிர் இருக்கிறது. டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டரில் சுமார் 10 பிஎஸ்ஐ அழுத்தத்தைப் பிடித்துவைக்கும் வால்வு இருக்கலாம். அதைக் கழற்றாமல் பின்னால் டிஸ்க் போட்டால் பிரேக் பேட் உரசிக்கொண்டே இருந்து டிஸ்க் பழுக்கும். எக்ஸ்ப்ளோரரின் காலிப்பர் கனமான வண்டிக்குச் செய்தது. இலேசான காரில் பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொள்ளும், கார் சுழன்றுவிடும். பின் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு வைத்து, ஆளில்லாத ஈரத் தளத்தில் குறைந்த வேகத்தில் முன் சக்கரம் முதலில் பூட்டும்வரை திருத்துங்கள். உடலிலிருந்து ஆக்சிலுக்கு வரும் ரப்பர் ஹோஸ், ஆக்சில் முழுக்கத் தொங்கும்போதும் தளர்வாக இருக்க வேண்டும்.

விகிதத்தைப் பற்றி இரண்டு வரி. டயர் சுற்றளவு 1.85 மீட்டர் என்றால் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு 901 சுற்று. நேரடி கியரில் 3.909-க்கு என்ஜின் 3,520 சுற்று, 3.27-க்கு 2,950. அதிக டார்க் உள்ள என்ஜினுக்குச் சின்ன விகிதமே நல்லது. ஸ்பீடாமீட்டர் கியரையும் மாற்றாவிட்டால் முள் பொய் சொல்லும்.

உள் பற்களை மாற்றினால் பினியன் முன்னழுத்தம் (பேரிங்கின் இறுக்கம்), பல் பிளே (பற்களுக்கு இடையிலான தளர்வு), பல் பதிவு (பற்கள் ஒன்றையொன்று தொடும் இடம்) மூன்றையும் பார்க்க வேண்டும். 8.8-இல் புது பினியன் பேரிங்குக்குச் சுழற்றும் முறுக்கு 16-29 அங்குல பவுண்டு, பழைய பேரிங்குக்கு 8-14. பினியன் பேரிங்குகளுக்கு இடையே உள்ள நசுங்கு வளையத்தை ஒருமுறை அதிகமாக முடுக்கிவிட்டால் நட்டைத் தளர்த்திச் சரிசெய்ய முடியாது, புது வளையம்தான். லிமிடெட் ஸ்லிப்புக்கு ஆயிலோடு உராய்வு திருத்தும் திரவம் சுமார் 118 மி.லி.; அது இல்லாமல் திரும்பினால் கிளட்ச் தகடுகள் கடகடக்கும். மூக்கைச் சாய்த்ததால் ஆயில் நிரப்பும் துளையின் உயரமும் மாறியிருக்கும். மூக்கு உயர்ந்த காரில் பழைய அளவுக்கு ஊற்றினால் பினியன் முன் பேரிங் வறண்டு போகும். காற்றுத் துளை அடைத்திருந்தால் சூட்டில் அழுத்தம் ஏறி, புத்தம் புது சீலும் கசியும்.

புதுப் பல்லோடு முதல் 25-30 கி.மீ. மெதுவாக ஓட்டி, முழுக்க ஆறவிடுங்கள். 800 கி.மீ.யில் ஆயிலை மாற்றுங்கள். வடித்த ஆயிலைக் காந்தத்தில் ஓட்டிப் பாருங்கள்: சாம்பல் நிறக் குழம்பு இருந்தால் இயல்பு, நகத்தில் நெருடும் துணுக்கு இருந்தால் மூடியைக் கழற்ற வேண்டியதுதான். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும் ஊளையிட்டால் பல் பதிவில் சந்தேகம். விட்டாலும் மிதித்தாலும் ஒரே வேகத்தில் உடல் அதிர்ந்தால் ஷாஃப்ட் பேலன்ஸ். கிளம்பும்போது மட்டும் அதிர்ந்து, ஓட ஆரம்பித்ததும் நின்றுவிட்டால், கோணமானியை எடுத்துக்கொண்டு மறுபடி காருக்கு அடியில் போங்கள்.

இப்படிக்கு,
பழைய கார்களின் பின் ஆக்சில் வேலை செய்யும் பட்டறை ஒன்றின் சார்பில்